முதலாளித்துவம் குறித்த சுதந்திரவாதக் கருத்துக்கள்

சுதந்திரவாதம் அல்லது லிபர்டேரியனிசம் என்பது தனிமனித சுதந்திரத்தை அரசியலின் தலையாய விழுமியமாகக் கொள்ளும் பல கொள்கைகளின் பொதுப்பெயர் ஆகும். சுதந்திரவாதிகள் அனைவரும் முதலாளித்துவத்தின் ஆதரவாளர்கள் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. எனினும் முதலாளித்துவம் என்றால் என்ன, அது நீதியானதா என்னும் இரு கேள்விகளிலும் இவர்களிடையே ஆழமான கருத்து வேறுபாடுகள் உண்டு. முதலாளித்துவமே சுதந்திரத்தின் பொருளாதார வடிவம் என்பர் ஒரு சாரார். அரசு சிலருக்கு வழங்கிய சலுகைகளின் மேல் எழுந்த அமைப்பே அது என்பர் மற்றொரு சாரார்.

இவ்வேறுபாட்டின் ஒரு பகுதி சொல்லைப் பற்றியது. மறுபகுதி சொத்தைப் பற்றியது. இன்று ஒருவர் கையில் இருக்கும் நிலமும் செல்வமும் முதன்முதலில் எவ்வாறு அவர் கைக்கு வந்தன என்ற கேள்விக்கு அளிக்கும் விடையே, ஒரு சுதந்திரவாதி எந்த அணியில் நிற்கிறார் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

சொல் வரலாறு

முதலாளித்துவம், சுதந்திரவாதம் ஆகிய இரு கருத்துகளுக்குமான ஐரோப்பியச் சொற்கள் தொடக்கத்தில் முதலாளிகளை எதிர்த்தவர்களாலேயே பரப்பப்பட்டன. பிரெஞ்சு சமவுடைமைவாதியான லூயி பிளாங் 1850 இல் முதலாளித்துவம் என்ற சொல்லைக் கண்டனப் பொருளில் பயன்படுத்தினார். மூலதனத்தைச் சிலர் மட்டும் கைப்பற்றிக்கொண்டு பிறரை விலக்கிவைக்கும் நிலையை அவர் அச்சொல்லால் குறித்தார். கார்ல் மார்க்சின் 'மூலதனம்' முதற்தொகுதி 1867 இல் வெளிவந்தது. ஆயினும் முதலாளித்துவம் என்ற பெயர்ச்சொல்லை அவர் அரிதாகவே கையாண்டார். ஜெர்மானிய அறிஞர் வெர்னர் சோம்பார்ட் 1902 இல் வெளியிட்ட நூலுக்குப் பின்னரே கல்வியுலகில் அச்சொல் பரவலாயிற்று.

சுதந்திரவாதி என்ற அரசியல் அடைமொழியைப் பிரெஞ்சு அரசின்மைவாதியான ஜோசப் டெஜாக் 1857 இல் பயன்படுத்தினார். 1858 முதல் 1861 வரை நியூயார்க்கில் அவர் நடத்திய இதழின் பெயரும் அதுவே. அவர் தனிச்சொத்தை எதிர்த்தவர். ஐக்கிய அமெரிக்காவில் கட்டற்ற சந்தையை ஆதரிப்போர் இப்பெயரைத் தமதாக்கிக்கொண்டது ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, 1950களில் ஆகும். அமெரிக்க லிபர்டேரியன் கட்சி 1971 இல் தொடங்கப்பட்டது. ஆகவே ஒரே பெயரின் கீழ் இரு வேறு மரபுகள் இருப்பது வியப்புக்குரியதன்று.

பொதுவான அடிப்படைகள்

சந்தையை ஏற்கும் சுதந்திரவாதிகள் பெரும்பாலும் பின்வரும் கருத்துக்களில் ஒன்றுபடுகின்றனர்.

- தன்னுடைமை: ஒவ்வொருவரும் தம் உடலுக்கும் உழைப்புக்கும் தாமே உரிமையாளர்.
- வன்முறையைத் தொடங்காமை: பிறர் மீதோ அவர்தம் உடைமை மீதோ முதலில் பலாத்காரம் செய்வது தவறு. தற்காப்பு இதற்கு விலக்கு.
- இசைவு: இருவர் மனமொத்துச் செய்யும் பரிமாற்றத்தில் மூன்றாமவரோ அரசோ குறுக்கிடல் ஆகாது.

உடலுக்கு வெளியே உள்ள பொருள்கள், குறிப்பாக நிலம், எவ்வாறு ஒருவருக்குச் சொந்தமாகின்றன என்ற இடத்தில்தான் பிரிவு தோன்றுகிறது. ஆங்கில மெய்யியலாளர் ஜான் லாக் 1689 இல் வெளியான தமது நூலில் இதற்கு ஒரு விடை தந்தார். யாருக்கும் சொந்தமில்லாத பொருளோடு ஒருவர் தம் உழைப்பைக் கலக்கும்போது அது அவருடையதாகிறது என்பது அவர் வாதம். ஆனால் பிறருக்கும் போதிய அளவிலும் அதே தரத்திலும் எஞ்சியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அவர் சேர்த்திருந்தார். இந்நிபந்தனையை எவ்வளவு கண்டிப்பாகப் பொருள்கொள்வது என்பதே பிற்காலச் சர்ச்சைகள் பலவற்றின் மூலம் ஆகும்.

முதலாளித்துவத்தின் மூன்று பொருள்கள்

அமெரிக்க அறிஞர் கேரி சார்ட்டியர் முதலாளித்துவம் என்ற சொல் மூன்று வெவ்வேறு பொருள்களில் வழங்குவதைச் சுட்டிக்காட்டியுள்ளார்.

1. தனிச்சொத்துரிமையும் மனமொத்த பரிமாற்றமும் நிலவும் பொருளாதார முறை.
2. பெருவணிகமும் அரசும் கைகோத்து இயங்கும் பொருளாதார முறை.
3. பணியிடங்களிலும் சமூகத்திலும் மூலதனம் உடையோர் ஆதிக்கம் செலுத்தும் நிலை.

முதற்பொருளில் முதலாளித்துவத்தைப் போற்றும் ஒருவர் இரண்டாம் பொருளில் அதனைக் கடுமையாக எதிர்க்கலாம். இதில் முரண்பாடு ஏதுமில்லை. சார்ட்டியர் முதற்பொருளில் உள்ளதைக் கட்டற்ற சந்தை என்றும், ஏனைய இரண்டை முதலாளித்துவம் என்றும் அழைப்பதே தெளிவு தரும் என்கிறார். அவரும் சார்லஸ் ஜான்சனும் தொகுத்து 2011 இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுப்பின் தலைப்பே சந்தையை ஏற்று முதலாளித்துவத்தை மறுப்பதாக அமைந்தது. மாறாக மர்ரே ரோத்பார்ட் முதலாளித்துவம் என்ற பெயரைக் கைவிடவில்லை. கட்டற்ற சந்தை முதலாளித்துவம், அரசு முதலாளித்துவம் என இரண்டாகப் பிரித்து, முன்னது இசைவின் மேலும் பின்னது பறிப்பின் மேலும் நிற்பதாக அவர் 1970களில் விளக்கினார்.

முதலாளித்துவத்தை ஆதரிக்கும் நிலைப்பாடுகள்

ஆதரவாளர்கள் அனைவரும் ஒரே காரணத்திற்காக ஆதரிப்பதில்லை.

விளைவு நோக்கு

லுட்விக் வான் மீசஸ், மில்ட்டன் ஃபிரீட்மன் போன்ற பொருளியலாளர்கள் முதலாளித்துவத்தைப் பெரிதும் அதன் பயன்களைக் கொண்டே ஆதரித்தனர். சந்தை விலைகள் இன்றி எப்பொருள் எங்கு எவ்வளவு தேவை என்பதைக் கணக்கிட இயலாது என்பது மீசஸ் 1920 முதல் முன்வைத்த வாதம். ஃபிரீட்மன் 'முதலாளித்துவமும் சுதந்திரமும்' (1962) என்ற நூலில், பொருளாதார அதிகாரம் அரசிடமிருந்து பிரிந்து பலரிடம் பரவியிருப்பது அரசியல் சுதந்திரத்திற்குத் தேவையான நிபந்தனை என்றார். ஏழைகளுக்கு அரசு பணமாகவே உதவும் எதிர்ம வருமான வரித் திட்டத்தையும் அதே நூலில் பரிந்துரைத்தார்.

பிரீட்ரிக் ஹயக்கின் நிலைப்பாடு தனித்தன்மை உடையது. சந்தை ஒருவரின் தகுதிக்கோ கடின உழைப்புக்கோ ஏற்பப் பலனளிப்பதில்லை என அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பிறருக்கு அவ்வுழைப்பு எவ்வளவு பயன்படுகிறது என்பதையே விலை காட்டுகிறது. அதில் நற்பேறுக்கும் பங்குண்டு. எவரும் திட்டமிடாத ஒரு நிகழ்முறையின் விளைவை நீதி என்றோ அநீதி என்றோ அழைப்பது பொருளற்றது என்று அவர் 1976 இல் வெளியான தமது நூலில் வாதிட்டார். ஆகவே ஹயக்கைப் பொறுத்தவரை நீதி என்பது விதிகளின் பண்பு. பங்கீட்டின் பண்பு அன்று.

அற நோக்கு

புதின ஆசிரியரும் மெய்யியலாளருமான அயன் ராண்ட் இவ்வகை வாதங்களைப் போதாதவை எனக் கருதினார். முதலாளித்துவம் பயன் தருகிறது என்பது உண்மையாயினும் அது இரண்டாம் நிலைக் காரணமே. பகுத்தறிவால் வாழும் மனிதனின் இயல்புக்கு ஒத்த ஒரே முறை என்பதால் அது அறவழிப்பட்டது என்றார். அவருடைய 'முதலாளித்துவம்: அறியப்படாத இலட்சியம்' 1966 இல் வெளிவந்தது. அவர் கூறிய முதலாளித்துவம் அரசும் பொருளாதாரமும் முற்றாகப் பிரிந்த முறையாகும். அம்முறை தூய வடிவில் எங்கும் இருந்ததில்லை என்பதையும் அவர் ஏற்றார். சுதந்திரவாதி என்ற பெயரை அவர் தமக்கு ஏற்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

உரித்துக் கோட்பாடு

ஹார்வர்டு பல்கலைக்கழக மெய்யியலாளர் ராபர்ட் நோசிக் 1974 இல் வெளியிட்ட 'அரசின்மை, அரசு, கற்பனைப் பொன்னுலகு' என்ற நூல், ஜான் ரால்சின் நீதிக் கோட்பாட்டிற்கு (1971) எழுதப்பட்ட மறுப்புகளுள் மிகவும் அறியப்பட்டதாகும். ஓர் உடைமை நீதியானதா என்பதை அதன் வரலாறே தீர்மானிக்கும் என்பது இவர் கருத்து. இதற்கு மூன்று விதிகள் உண்டு: முதலில் பெற்ற முறை நீதியாக இருத்தல், கைமாறிய முறை நீதியாக இருத்தல், இவ்விரண்டிலும் பிழை நேர்ந்திருப்பின் அதனைச் சரிசெய்தல்.

கூடைப்பந்தாட்ட வீரர் வில்ட் சேம்பர்லினை வைத்து இவர் கூறிய எடுத்துக்காட்டு புகழ்பெற்றது. நமக்கு மிகவும் நீதியாகத் தோன்றும் ஒரு பங்கீட்டிலிருந்து தொடங்குவோம். பத்து இலட்சம் பேர் அவர் ஆட்டத்தைக் காண மனமுவந்து ஆளுக்கு 25 சென்ட் அவருக்கெனத் தருகின்றனர். பருவ முடிவில் அவரிடம் 2,50,000 டாலர் சேர்கிறது, பங்கீடு சமனிழக்கிறது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்னும்போது இப்புதிய பங்கீடு எவ்வாறு அநீதியாகும் என்று நோசிக் வினவினார். முதற்பங்கீட்டைத் தக்கவைக்க வேண்டுமாயின் மக்களின் விருப்பச் செயல்களில் அரசு இடைவிடாது தலையிட நேரும் என்பது அவர் முடிவு.

லாக்கின் நிபந்தனையை நோசிக் தளர்த்தினாரே தவிர நீக்கவில்லை. பாலைவனத்தில் உள்ள ஒரே நீருற்றைக் கைப்பற்றி, தாகத்தால் வருவோரிடம் விரும்பிய விலை கேட்க ஒருவருக்கு உரிமையில்லை என்று அவர் எழுதினார்.

முதலாளித்துவத்தை எதிர்க்கும் நிலைப்பாடுகள்

நான்கு முற்றுரிமைகள்

பெஞ்சமின் டக்கர் 1881 முதல் 1908 வரை அமெரிக்காவில் 'லிபர்ட்டி' என்ற இதழை நடத்திய தனிமனிதவாத அரசின்மைவாதி. இவர் போட்டியையும் ஒப்பந்தத்தையும் முழுமையாக ஏற்றார்; அதேவேளை தம்மைச் சமவுடைமைவாதி என்றும் அழைத்துக்கொண்டார். தொழிலாளி தன் உழைப்பின் முழுப்பயனையும் பெறாமைக்கு அரசு காத்துவரும் நான்கு முற்றுரிமைகளே, அதாவது ஏகபோகங்களே, காரணம் என்று 1888 இல் எழுதினார்.

- பணம்: உரிமம் பெற்றவர் மட்டுமே பணம் வெளியிடலாம் என்பதால் வட்டி உயர்கிறது.
- நிலம்: தாம் குடியிருக்காத, பயிரிடாத நிலத்திற்கும் சட்டம் உரிமை தருவதால் குத்தகை தோன்றுகிறது.
- சுங்க வரி: வெளிநாட்டுப் போட்டி தடுக்கப்படுவதால் உள்நாட்டு உற்பத்தியாளர் மிகை விலை பெறுகின்றனர்.
- காப்புரிமை: கருத்துக்களின் மீது தரப்படும் தனியுரிமை, போட்டி நிலவினால் கிடைக்காத வருவாயைத் தருகிறது.

இந்நான்கையும் நீக்கிவிட்டால் போட்டியின் வலிமையே வட்டி, குத்தகை, மிகை இலாபம் ஆகியவற்றைக் கரைத்துவிடும் என்பது டக்கரின் எதிர்பார்ப்பு. கூலிக்கு வேலை செய்வதை அவர் எதிர்க்கவில்லை. கூலி குறைக்கப்படுவதையே எதிர்த்தார். கெவின் கார்சன் போன்ற 21ஆம் நூற்றாண்டு எழுத்தாளர்கள் இவ்வாதத்தை விரித்துள்ளனர். இன்றைய பெருநிறுவனத்தின் இலாபத்தை அது கட்டற்ற சந்தையில் ஈட்டியதுபோல் பாவித்து ஆதரிப்பது சுதந்திரவாதிகள் செய்யும் பொதுவான பிழை என்று கார்சன் சாடுகிறார்.

நிலத்தின் தனித்தன்மை

ஹென்றி ஜார்ஜ் 'முன்னேற்றமும் வறுமையும்' (1879) என்ற நூலில் உழைப்பால் உண்டான பொருளையும் நிலத்தையும் வேறுபடுத்தினார். நெசவாளர் நெய்த துணி அவருடையது. ஆனால் நகரின் நடுவிலுள்ள வெற்றுமனையின் விலை அதன் உரிமையாளரால் உயர்ந்ததன்று. சுற்றியுள்ள மக்களால் உயர்ந்தது. ஆகவே நிலமதிப்புக்கு மட்டும் வரி விதித்து, உழைப்பின் மீதும் மூலதனத்தின் மீதும் உள்ள வரிகளை நீக்கலாம் என்றார். ஃபிரீட்மன் பின்னாளில் இவ்வரியையே எல்லா வரிகளிலும் தீமை குறைந்ததாகக் குறிப்பிட்டார். ரோத்பார்ட் இதனை அடியோடு மறுத்தார்.

மெய்யியலாளர்கள் ஹில்லெல் ஸ்டைனர், பீட்டர் வாலன்டைன், மைக்கேல் ஒட்சுக்கா ஆகியோர் இதற்கு நெருங்கிய கருத்துடையவர்கள். தன்னுடைமையை முழுமையாக ஏற்கும் இவர்கள், இயற்கை வளங்களில் அனைவருக்கும் ஏதேனும் ஒரு வகையில் சமமான உரிமை உண்டு என்கின்றனர். இவர்களின் கொள்கை இடதுசாரி சுதந்திரவாதம் எனப்படுகிறது.

சமவுடைமைச் சுதந்திரவாதம்

மிகாயில் பக்கூனின், பீட்டர் குரொப்போட்கின் ஆகியோரின் மரபில் வரும் சமவுடைமைச் சுதந்திரவாதிகள், உற்பத்திச் சாதனங்கள் மீதான தனிச்சொத்தையே அதிகாரத்தின் ஒரு வடிவமாகக் காண்கின்றனர். அரசை எதிர்ப்பவர் முதலாளியின் ஆணையையும் எதிர்க்க வேண்டும் என்பது இவர்கள் வாதம். ஐரோப்பாவில் நெடுங்காலம் சுதந்திரவாதம் என்ற சொல் இவர்களையே குறித்தது. மொழியியலாளர் நோம் சோம்சுக்கி தம்மை இம்மரபினராக அடையாளப்படுத்திக்கொள்கிறார்.

பழைய அநீதியும் இன்றைய உடைமையும்

மனமொத்த பரிமாற்றம் நீதியானது என்பதை ஏற்றாலும், பரிமாறப்படும் பொருள் முதலில் பறிக்கப்பட்டதாயின் என் செய்வது? எல்லாச் சுதந்திரவாதிகளுக்கும் இதுவே கடினமான கேள்வி ஆகும்.

இங்கிலாந்தில் 1604 முதல் 1914 வரை நாடாளுமன்றம் 5,200க்கும் மேற்பட்ட நிலவளைப்புச் சட்டங்களை இயற்றியது. ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர் பொதுநிலமும் திறந்தவயலும் இவற்றால் தனியுடைமையாயின. இந்நிலங்களில் மேய்ச்சல், விறகு ஆகியவற்றுக்கான மரபுரிமை இழந்தோர் பலர் கூலி வேலையை நாட நேர்ந்தது. இதனைச் சுட்டிக்காட்டும் இடதுசாரிச் சந்தைவாதிகள், தொழிற்புரட்சிக் காலத்துக் கூலி ஒப்பந்தங்கள் முற்றிலும் மனமொத்தவை எனக் கூற இயலாது என்கின்றனர். ஹயக் தொகுத்து 1954 இல் வெளியான 'முதலாளித்துவமும் வரலாற்றாசிரியர்களும்' என்ற நூல் இதற்கு மாறாக, ஆலைத்தொழில் தோன்றியதால் தொழிலாளரின் வாழ்க்கை கெட்டது என்ற கருத்தை மறுத்தது.

அமெரிக்க அடிமை முறை இன்னும் தெளிவான எடுத்துக்காட்டாகும். 1865 சனவரியில் படைத்தலைவர் வில்லியம் சேர்மன் பிறப்பித்த ஆணையின்படி, தெற்குக் கரோலினா முதல் புளோரிடா வரையிலான கடலோரத்தில் ஏறத்தாழ 4 இலட்சம் ஏக்கர் நிலம் விடுதலை பெற்ற அடிமைகளின் குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வரையிலான பங்குகளாக ஒதுக்கப்பட்டது. அதே ஆண்டில் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அந்நிலங்களைப் பழைய உரிமையாளர்களுக்கே மீட்டளித்தார். உழுதவர் நிலமின்றி வெளியேற, உழைப்பைப் பறித்தவர் சொத்துரிமையின் பாதுகாப்பைப் பெற்றனர்.

முதலாளித்துவத்தின் தீவிர ஆதரவாளரான ரோத்பார்ட்டே இதனை அநீதி என்றார். 'சுதந்திரத்தின் அறவியல்' (1982) என்ற நூலில், அத்தோட்டங்களில் தம் உழைப்பைக் கலந்தவர்கள் அடிமைகளே என்பதால் நிலம் அவர்களுக்கே உரியது என வாதிட்டார். இலத்தீன் அமெரிக்காவில் படையெடுப்பால் உருவான பெருநிலக்கிழமைகளுக்கும் இதே விதியைப் பொருத்தினார். அதற்கு முன் 1969 இல், வருவாயின் பெரும்பகுதியை அரசிடமிருந்து பெறும் நிறுவனங்களை அவற்றில் பணிபுரிவோரே எடுத்துக்கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தார். சொத்துரிமைக் கோட்பாட்டைக் கண்டிப்பாகப் பின்பற்றினால் அது இருக்கும் சொத்துக்களைக் காக்காமல் கலைக்கவும் கூடும் என்பதை இது காட்டுகிறது.

நோசிக்கும் தம் மூன்றாம் விதியின் விளைவை உணர்ந்திருந்தார். கடந்தகால அநீதிகள் மிகப் பெரியவையாயின், அவற்றைச் சரிசெய்யக் குறுகிய காலத்திற்குக் குறைந்தபட்ச அரசைவிட விரிவான அரசு தேவைப்படலாம் என்று அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் அவ்விதியின் விவரங்களை அவர் வகுக்கவில்லை. இழைத்தவரும் இழந்தவரும் இறந்து பல தலைமுறைகள் கழிந்தபின் யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்பதைக் கணக்கிடுவது கடினம். மெய்யியலாளர் ஜெரமி வால்டிரன் 1992 இல் எழுதிய கட்டுரையில், சூழ்நிலை மாறும்போது பழைய அநீதியின் மீதான கோரிக்கையும் வலுவிழக்கக்கூடும் என்றார்.

நடைமுறையில் வேறுபாடு: இரு எடுத்துக்காட்டுகள்

2008 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றம் நிதி நிறுவனங்களை மீட்க 70,000 கோடி டாலர் வரை செலவிட ஒப்புதல் அளித்தது. சந்தை ஆதரவாளரான ரான் பால் உள்ளிட்டோர் இதனை எதிர்த்து வாக்களித்தனர். இலாபம் தனியாருக்கும் இழப்பு வரி செலுத்துவோருக்கும் என்பது முதலாளித்துவமே அன்று என்பது அவ்வணியினரின் கருத்து. நடப்பிலுள்ள முதலாளித்துவம் எப்போதும் இவ்வாறே இயங்கிவந்துள்ளது என்பது டக்கர் மரபினரின் கருத்து. செயலை இரு சாராரும் ஒருமித்துக் கண்டித்தனர். அதற்கு இட்ட பெயரில்தான் வேறுபட்டனர்.

இந்தியாவில் 1951 ஆம் ஆண்டுத் தொழில்கள் சட்டத்தின் கீழ்க் குறிப்பிட்ட தொழில்களைத் தொடங்க அரசின் உரிமம் தேவைப்பட்டது. உரிமம் பெற்ற நிறுவனங்கள் போட்டியிலிருந்து காக்கப்பட்டன. 1959 இல் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்த இராஜாஜி, இதனைப் பர்மிட்-லைசன்ஸ்-கோட்டா ராஜ்யம் எனக் கண்டித்தார். இராஜாஜியைச் சுதந்திரவாதி எனக் கொள்வது பொருந்தாது. ஆனால் அரசின் கட்டுப்பாடு ஏற்கெனவே வசதி படைத்த தொழிலதிபர்களுக்கே அரணாக அமையலாம் என்ற சுதந்திரவாத வாதத்தைத் தமிழ் வாசகர்கள் விளங்கிக்கொள்ள இது உதவும். பெரும்பாலான தொழில்களுக்கு இவ்வுரிம முறை 1991 சூலையில் நீக்கப்பட்டது.

விமர்சனங்கள்

ஆதரவு நிலைப்பாட்டின் மீது ஜி. ஏ. கோகன் முன்வைத்த விமர்சனம் பரவலாக அறியப்பட்டது. தனிச்சொத்து சுதந்திரத்தைத் தருவதோடு சுதந்திரத்தைக் கட்டுப்படுத்தவும் செய்கிறது என்றார் அவர். பயணச்சீட்டு வாங்கப் பணமில்லாதவர் தொடர்வண்டியில் ஏற முயன்றால் வலுவில் தடுக்கப்படுவார். ஆகவே பணமின்மை என்பதே ஒருவகைச் சுதந்திரமின்மை. சட்ட அறிஞர் ராபர்ட் ஹேல் 1923 இலேயே, சந்தைப் பேரங்களுக்குப் பின்னால் சொத்துச் சட்டத்தின் வலுவந்தம் மறைந்துள்ளது என வாதிட்டிருந்தார். இதற்கு மறுமொழியாக, தன் உடைமையைக் காப்பது தாக்குதல் ஆகாது என்பர் சுதந்திரவாதிகள். ஆனால் அவ்வுடைமை நீதியாகப் பெறப்பட்டது என்பதை அம்மறுமொழி முன்கூட்டியே எடுத்துக்கொள்வதால், விவாதம் மீண்டும் தொடங்கிய இடத்திற்கே வருகிறது.

எதிர்ப்பு நிலைப்பாட்டின் மீதும் விமர்சனங்கள் உண்டு. சலுகைகள் அனைத்தும் நீக்கப்பட்ட பின்னரும் பேரளவு உற்பத்தியின் சிக்கனம், திறமை, நற்பேறு ஆகியவற்றால் பெருநிறுவனங்கள் தோன்றலாம். குடியிருப்போருக்கே நிலம் என்ற டக்கரின் விதியில், வெளியூர் சென்றவரின் வீடு எப்போது கைவிடப்பட்டதாகும் என்பதைத் தீர்மானிப்பது எளிதன்று. நிலமதிப்பையும் அதன் மேலுள்ள கட்டடத்தின் மதிப்பையும் துல்லியமாகப் பிரிக்க இயலுமா என்ற ஐயம் ஜார்ஜின் திட்டத்தின் மீது எழுப்பப்படுகிறது.

தொகுப்பு

முதலாளித்துவம் நீதியானதா என்ற கேள்விக்குச் சுதந்திரவாதிகள் தரும் விடைகளைப் பின்வருமாறு சுருக்கலாம்.

- ராண்ட்: அறவழிப்பட்ட ஒரே முறை.
- ஹயக்: பங்கீட்டைக் குறித்து எழுப்பப்படும் நீதிக் கேள்வியே பொருளற்றது.
- ஃபிரீட்மன்: சுதந்திரத்திற்குத் தேவையானது, வறியோருக்கு உதவி வேண்டும்.
- நோசிக்: உடைமையின் வரலாறு நீதியாயின் நீதியானது.
- ரோத்பார்ட்: கட்டற்ற சந்தை நீதியானது, பறித்த நிலம் உழைத்தவருக்கு உரியது.
- ஜார்ஜ், ஸ்டைனர்: உழைப்பின் பயன் தனியுடைமை, இயற்கை வளத்தில் அனைவருக்கும் பங்குண்டு.
- டக்கர், கார்சன்: சந்தை நீதியானது, நடப்பு முதலாளித்துவம் சலுகையின் விளைவு.
- குரொப்போட்கின், சோம்சுக்கி: உற்பத்திச் சாதனங்களின் தனியுடைமையே சுதந்திரத்திற்கு எதிரானது.

ஆகவே ஒருவர் முதலாளித்துவத்தை ஆதரிப்பதாகவோ எதிர்ப்பதாகவோ கூறும்போது, அச்சொல்லை அவர் எப்பொருளில் ஆள்கிறார் என்பதையும், இருக்கும் உடைமைகளின் தோற்றம் பற்றி அவர் என்ன கருதுகிறார் என்பதையும் அறிந்த பின்னரே அவர் நிலைப்பாட்டை மதிப்பிட இயலும்.